கொசுப் புகையும் தவளை இதயமும்

மாணவர்களே, உங்கள் தாமானில் யாருக்காவது டிங்கி காய்ச்சல் என்று உறுதியானால் என்ன நடக்கும்? சில நாள்களுக்குள் தோளில் இயந்திரத்தை மாட்டிக்கொண்டு புகை மருந்து அடிக்க ஆள்கள் வந்துவிடுவார்கள். வீட்டில் ஒரே பரபரப்பு. சாப்பாட்டை மூடு, மீன் தொட்டியை மூடு, பாட்டியை வெளியே அழைத்துப் போ. தெரு முழுக்க வெள்ளைப் புகை. புகை அடங்கிய பிறகு உள்ளே வந்தால் தரையில் கொசுக்கள் செத்துக் கிடக்கும்.

அந்தக் கொசு எப்படிச் செத்தது? இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் “மூச்சு முட்டி” என்பார்கள். நமக்கு இருமல் வருவதால் கொசுவுக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில், இயந்திரத்தில் சூடாகி வெளியே வரும் புகையின் பெரும்பகுதி, மருந்தைச் சுமந்து வரும் எண்ணெய்தான். வேலையைச் செய்வது அதில் கலந்திருக்கும் சிறிதளவு பூச்சிக்கொல்லி. இதற்குப் பயன்படும் பூச்சிக்கொல்லிகளில் ஒன்று மலாத்தியான். அது கொசுவின் மூச்சை நேராகத் தொடுவதில்லை. கொசுவின் நரம்புகளுக்கிடையே இருக்கும் ஒரே ஒரு நொதியை, அதாவது என்சைமை, வேலை செய்யவிடாமல் பிடித்து வைக்கிறது. அந்த நொதியின் வேலை, நரம்பு சொன்ன செய்தியை அழிப்பது.

செய்தியை அனுப்புவது சரி, அதை எதற்கு அழிக்க வேண்டும்? பாடநூலில் நரம்பணுக்கள் வேதிப்பொருள் மூலம் செய்தி அனுப்புவதற்கு ஒரு படமும் அரைப் பக்கமும் இருக்கும். அந்தப் பொருள் பிறகு சிதைக்கப்படுகிறது என்பதற்கு ஒரே ஒரு வரி. தேர்வுக்குப் படிக்கிறவர்கள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள். என்னைக் கேட்டால், கதையின் பாதி அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

பட்டர்வொர்த் வரைதான் ரயில்

முதலில், செய்தி எங்கே வேதிப்பொருளாக மாறுகிறது என்று பார்ப்போம். உங்கள் கால் கட்டைவிரலை அசைக்கச் சொல்லும் நரம்பணு முதுகுத் தண்டில் தொடங்கி, ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்துக்குக் கீழே இறங்குகிறது. ஒரே உயிரணு, ஒரு மீட்டர் நீளம்! அதன் வழியே செய்தி மின் துடிப்பாக ஓடுகிறது. வேகமான நரம்பிழைகளில் நொடிக்கு 100 மீட்டர் வரை.

ஆனால் நரம்பின் முனை தசையைத் தொடுவதில்லை. நடுவில் ஏறத்தாழ 50 நானோமீட்டர் இடைவெளி உண்டு. தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மூளைக்குள் ஒரு நரம்பணுவுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி இதைவிடச் சிறியது, சுமார் 20 நானோமீட்டர். இந்தச் சந்திப்புக்குத்தான் சினாப்ஸ் என்று பெயர்.

தெற்கிலிருந்து பினாங்குத் தீவுக்கு ரயிலில் போயிருக்கிறீர்களா? ரயில் எவ்வளவு வேகமாக வந்தாலும் பட்டர்வொர்த்தில் தண்டவாளம் முடிந்துவிடும். பயணி இறங்கி, ஃபெரியில் ஏறி, கடலைக் கடந்து, அக்கரையில் வேறொரு வண்டியைப் பிடிக்க வேண்டும். நரம்பிலும் மின் துடிப்பு முனையோடு நின்றுவிடுகிறது. இடைவெளியை வேதிப்பொருள் கடக்கிறது. மறுகரையில் மீண்டும் மின் துடிப்பு கிளம்புகிறது.

இப்படி ஓர் இடைவெளி இருக்கிறதா என்பதிலேயே ஒரு காலத்தில் பெரிய சண்டை நடந்தது. இத்தாலியின் கமில்லோ கோல்ஜி, நரம்புகள் எல்லாம் அறுபடாத ஒரே வலை என்றார். ஸ்பெயினின் சாண்டியாகோ ரமோன் இ கஹால், கோல்ஜி கண்டுபிடித்த சாயத்தையே பயன்படுத்திப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றும் தனித்தனி உயிரணு என்றார். 1906இல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள். பரிசு உரையிலும் கோல்ஜி தன் கட்சியை விடவில்லை. 1950களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி இடைவெளியை நேராகக் காட்டியபோது கஹால் சொன்னதே சரி என்று ஆனது. அதைப் பார்க்க இருவருமே உயிரோடு இல்லை.

ஈஸ்டர் இரவில் ஒரு சோதனை

இடைவெளி இருக்கட்டும். அதைத் தாண்டுவது வேதிப்பொருள்தான் என்பதற்கு என்ன சான்று? மின் பொறியாகத் தாவியிருக்கலாமே? பெரும்பாலான அறிவியலாளர்கள் அப்படித்தான் நம்பினார்கள்.

ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஓட்டோ லோவி என்ற மருந்தியல் பேராசிரியர் இருந்தார். நரம்பு முனையிலிருந்து ஏதோ ஒரு பொருள் சுரக்கலாம் என்ற எண்ணம் 1903இலேயே அவருக்கு வந்துவிட்டது. அதைச் சோதிக்கத்தான் வழி தெரியவில்லை. ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள் கழித்து, ஈஸ்டர் பண்டிகையை ஒட்டிய ஓர் இரவில் கனவில் ஒரு சோதனை தோன்றியது. பாதித் தூக்கத்தில் எழுந்து ஒரு தாளில் கிறுக்கி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் பார்த்தால் தம் கையெழுத்தே அவருக்குப் புரியவில்லை. அன்று முழுக்க யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. மறுநாள் இரவு மூன்று மணிக்கு அதே யோசனை திரும்ப வந்தது. இந்த முறை தாளை நம்பவில்லை. நேராக எழுந்து ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டார்.

சோதனை எவ்வளவு எளிமையானது என்று பாருங்கள். தவளையின் இதயத்தைத் தகுந்த உப்புக் கரைசலில் வைத்தால் உடலுக்கு வெளியேயும் அது நெடுநேரம் துடிக்கும். லோவி இரண்டு தவளை இதயங்களை எடுத்தார். முதல் இதயத்தோடு வேகஸ் என்ற நரம்பையும் விட்டுவைத்தார். இரண்டாவதில் நரம்பே இல்லை. முதல் இதயத்தின் வேகஸ் நரம்பை மின்சாரத்தால் தூண்டினார். எதிர்பார்த்தபடி அந்த இதயத்தின் துடிப்பு குறைந்தது. பிறகு அந்த இதயத்தில் இருந்த கரைசலை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். அதற்கு நரம்பு கிடையாது, மின்சாரமும் கொடுக்கவில்லை. ஆனால் அதன் துடிப்பும் குறைந்தது!

அடுத்து, இதயத்தை வேகப்படுத்தும் நரம்பைத் தூண்டினார். அந்தக் கரைசலை ஊற்றியதும் இரண்டாவது இதயம் வேகமாகத் துடித்தது. மின்சாரத்தைக் கிண்ணத்தில் அள்ளி ஊற்ற முடியாது. ஆகவே கரைசலில் ஏதோ ஒரு பொருள் வந்திருக்க வேண்டும். 1921இல் இதை வெளியிட்டார். அந்தப் பொருளுக்கு அவர் வைத்த பெயர் ‘வேகஸ்டாஃப்’. ஜெர்மன் மொழியில் வேகஸ் நரம்பின் பொருள் என்று அர்த்தம். அவ்வளவுதான்.

பகலில் நிதானமாக யோசித்திருந்தால் அந்தச் சோதனையைச் செய்தே இருக்க மாட்டேன் என்று லோவி பிற்காலத்தில் எழுதினார். நரம்பு, பக்கத்தில் இருக்கும் தசைக்குப் போதுமான அளவுக்குத்தானே பொருளைச் சுரக்கும்? அது கரைசலில் வழிந்து, இன்னோர் இதயத்தையும் பாதிக்கும் அளவுக்கு மிச்சமிருக்கும் என்று எதிர்பார்க்க நியாயமே இல்லை. அவர் நினைத்ததில் தவறில்லை. வேகஸ்டாஃப் சுரந்த கையோடு சிதைந்துகொண்டிருந்தது. தவளை இதயத்தில் அந்தச் சிதைவு சற்று மெதுவாக நடந்ததால்தான் அவர் கைக்குக் கொஞ்சம் கிடைத்தது.

சிதைப்பது யார்? லோவி அதையும் விடவில்லை. 1926இல் அவரும் அவருடைய உடன் ஆய்வாளர் நவ்ராட்டிலும் சேர்ந்து, இதயத் திசுவில் இருக்கும் ஒரு நொதிதான் வேகஸ்டாஃபைச் சிதைக்கிறது என்று காட்டினார்கள். பைசோஸ்டிக்மின் என்ற மருந்தைச் சேர்த்தால் அந்த நொதி அடங்கிவிடுகிறது, வேகஸ்டாஃபின் வேலை நீடிக்கிறது. பைசோஸ்டிக்மின் என்ற இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் வரும்.

வேகஸ்டாஃபின் உண்மைப் பெயர் அசிட்டைல்கோலின். இங்கிலாந்தின் ஹென்றி டேல் 1914இலேயே அதன் குணங்களை விரிவாக எழுதியிருந்தார். 1936இல் லோவிக்கும் டேலுக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. யூதரான லோவியையும் அவர் மகன்களில் இருவரையும் கைது செய்தார்கள். உயிரோடு வெளியே வருவோமா என்றே தெரியாத நிலையில் சிறைக்காவலரிடம் ஓர் அஞ்சலட்டை கேட்டு வாங்கி, தம் கடைசி ஆய்வு முடிவை ஓர் அறிவியல் இதழுக்கு எழுதி அனுப்பினார். நோபல் பரிசுப் பணத்தை நாஜிகளின் வங்கிக்கு மாற்றிக் கொடுத்த பிறகே அவரை நாட்டைவிட்டுப் போக விட்டார்கள். எஞ்சிய காலத்தை அமெரிக்காவில் கழித்தார்.

அட்டை சொன்ன சாட்சி

இதயம் வேறு, கை கால் தசை வேறு. இதயத்தை மெதுவாக்க வேதிப்பொருள் போதும், மின்னல் வேகத்தில் விரலை அசைக்க அது போதுமா என்று சந்தேகப்பட்டவர்கள் ஏராளம். அதற்குச் சாட்சி சொன்னது இரத்தம் உறிஞ்சும் அட்டை.

வில்ஹெல்ம் ஃபெல்ட்பெர்க் என்ற இளம் ஆய்வாளர், யூதர் என்பதற்காக 1933இல் பெர்லினில் வேலையை இழந்து லண்டனில் டேலிடம் சேர்ந்தார். அவர் கையோடு கொண்டு வந்தது ஓர் உத்தி. அட்டையின் தசையில் பைசோஸ்டிக்மினைச் சேர்த்து அழிப்பு நொதியை அடக்கிவிட்டால், மிக மிகச் சிறிய அளவு அசிட்டைல்கோலின் பட்டாலும் அந்தத் தசை சுருங்கிக் காட்டிக் கொடுத்துவிடும். அந்தக் காலத்து இரசாயனக் கருவிகளால் கண்டுபிடிக்க முடியாத அளவை அட்டை கண்டுபிடித்தது. 1936இல் டேல், ஃபெல்ட்பெர்க், மார்த்தே ஃபோக்ட் மூவரும், கை கால் தசைக்குப் போகும் நரம்பைத் தூண்டினாலும் அசிட்டைல்கோலின் சுரக்கிறது என்று உறுதி செய்தார்கள்.

இங்கே ஒரு கேள்வி உங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அசிட்டைல்கோலின் இதயத்தை அடக்குகிறது. அதே பொருள் கைத் தசையைச் சுருங்க வைக்கிறது. ஒரே பொருள் எப்படி ஓரிடத்தில் ‘நிறுத்து’ என்றும் இன்னோரிடத்தில் ‘நடத்து’ என்றும் சொல்லும்? காரணம், பொருளுக்குள் எந்தக் கட்டளையும் இல்லை. மறுகரையில் இருக்கும் ஏற்பி என்ற புரதம்தான் அதற்குப் பொருள் கொடுக்கிறது. இதயத்தில் இருக்கும் ஏற்பி ஒருவகை, கைத் தசையில் இருப்பது வேறொருவகை. பள்ளி மணி ஒன்றுதான். ஓய்வு நேரம் என்று கேட்டு எழுந்து ஓடும் வகுப்பும் உண்டு, அடுத்த பாடம் என்று நூலைத் திறக்கும் வகுப்பும் உண்டு.

ஆயிரத்தில் ஒரு நொடி

கைத் தசையில் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். மின் துடிப்பு நரம்பு முனைக்கு வந்ததும் அங்குள்ள சிறு வாயில்கள் திறந்து கால்சியம் உள்ளே நுழைகிறது. முனையில் ஆயிரக்கணக்கான சிறு குமிழ்ப்பைகள் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பல ஆயிரம் அசிட்டைல்கோலின் மூலக்கூறுகள். கால்சியம் வந்த உடனே சில பைகள் முனையின் சவ்வோடு ஒட்டி வெடித்து உள்ளிருப்பதை இடைவெளியில் கொட்டுகின்றன. பையாகத்தான் கொட்டும், அரைப் பை கால் பை என்ற கணக்கே இல்லை. இதைக் கண்டுபிடித்த பெர்னார்ட் காட்ஸும் நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறியவர்தான். நரம்பைத் தூண்டாமலே தசையில் அவ்வப்போது அரை மில்லிவோல்ட் அளவுக்குச் சிறு சிறு மின் மாற்றங்கள் வருவதை அவர் குழு கவனித்தது. ஒரு பை தவறிக் கொட்டினால் ஒரு சிறு மாற்றம். நரம்பு உண்மையாகவே கட்டளையிட்டால் பல பைகள் ஒரே நேரத்தில். 1970இல் அவருக்கும் நோபல் பரிசு.

மறுகரையில், ஓர் ஏற்பியில் இரண்டு அசிட்டைல்கோலின் மூலக்கூறுகள் அமர்ந்ததும் அதன் நடுவில் ஒரு துளை திறக்கிறது. சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. துளை திறந்திருப்பது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு நொடி. அதற்குள் தசையில் புதிய மின் துடிப்பு பிறந்து, தசை சுருங்குகிறது.

உடனே துப்புரவுப் பணி தொடங்கிவிடுகிறது. இடைவெளியிலேயே நங்கூரமிட்டு நிற்கும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி, அசிட்டைல்கோலினை அசிட்டேட், கோலின் என்று இரண்டாக வெட்டுகிறது. பெயர் நீளமாக இருப்பதால் நாம் ‘அழிப்பு நொதி’ என்றே சொல்வோம். மனித உடலில் உள்ள மிக வேகமான நொதிகளில் இதுவும் ஒன்று. ஒரே மூலக்கூறு ஒரு நொடியில் பல ஆயிரம் அசிட்டைல்கோலின்களை வெட்டித் தள்ளும். வெட்டுப்பட்ட கோலினை நரம்பு முனை திரும்ப உறிஞ்சிப் புது அசிட்டைல்கோலின் செய்துகொள்கிறது. எதையும் வீணாக்குவதில்லை.

வெண்பலகையை அழிக்காமல் அடுத்த கணக்கை எழுதினால் என்ன ஆகும்? பழைய எழுத்தின் மேல் புது எழுத்து, எதுவும் படிக்க முடியாது. நீங்கள் பியானோ வாசிக்கும்போதும் கைப்பேசியில் தட்டச்சு செய்யும்போதும் ஒரு விரலுக்கு நொடிக்குப் பல கட்டளைகள் போகின்றன. ஒவ்வொரு கட்டளைக்கும் பலகை துடைத்துத் தயாராக இருக்க வேண்டும்.

இவ்வளவு சிரமம் எதற்கு, மின்சாரமே நேராகத் தாவிவிட்டால் வேகமாக இருக்குமே என்று கேட்கலாம். அப்படித் தாவும் சந்திப்புகளும் உண்மையில் உண்டு. 1959இல் நன்னீர் இறால் வகை ஒன்றின் நரம்புகளில் அதைக் கண்டார்கள். எதிரி வந்ததும் வாலை அடித்துத் தப்பும் நரம்புகள் அவை. நமக்கு இந்தத் தாமதம் பெரிய இழப்பில்லை. நண்பர் அடிக்கோலைக் கைவிட, நீங்கள் அது 20 சென்டிமீட்டர் விழுவதற்குள் பிடித்தால், உங்கள் எதிர்வினை நேரம் சுமார் 0.2 நொடி. ஒரு வேதிச் சந்திப்பைக் கடக்க ஆகும் நேரம் ஏறக்குறைய அரை மில்லிநொடி முதல் ஒரு மில்லிநொடி வரைதான். நேரத்தின் பெரும்பகுதி, கண் பார்த்ததை மூளை புரிந்துகொள்வதில் போகிறது. ஒரு மில்லிநொடியை விலையாகக் கொடுத்து நாம் பெறுவது அதிகம். செய்தி ஒரே திசையில் போகிறது, மெல்லிய நரம்பின் சிறு துடிப்பு பெரிய தசையை அசைக்கும் அளவுக்குப் பெருகுகிறது, ஏற்பிக்கு ஏற்ப அர்த்தமும் மாறுகிறது.

அழிப்பு நொதி நின்றால்

இப்போது கொசுவிடம் திரும்பலாம். மலாத்தியான் ஆர்கனோபாஸ்பேட் என்ற வகையைச் சேர்ந்தது. கொசுவின் உடலுக்குள் அது மலாக்ஸானாக மாறி, அழிப்பு நொதி அசிட்டைல்கோலினை வெட்டும் அதே இடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது, விடுவதில்லை. பூச்சிகளில் அசிட்டைல்கோலின் வேலை செய்வது தசையில் அல்ல, மூளையிலும் நரம்புத் திரள்களிலும். அங்கே செய்திகள் வந்தபடி இருக்கின்றன, ஒன்றும் அழிவதில்லை. கொசு முதலில் துடிக்கிறது, கால்கள் இழுத்துக்கொள்கின்றன, பிறகு செயலற்று விழுகிறது.

அதே புகையில் நின்ற நமக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? நாம் உள்ளிழுக்கும் அளவு நம் எடைக்கு மிகக் குறைவு என்பது ஒன்று. மற்றொன்று, பாலூட்டிகளின் உடலில் உள்ள வேறொரு நொதி மலாத்தியானை விரைவாக உடைத்துவிடுகிறது. பெரும்பாலான பூச்சிகளுக்கு அந்த வசதி குறைவு. அத்தகைய நொதியை ஏராளமாகச் செய்துகொண்டு மருந்துக்கு அசையாமல் பறக்கும் கொசு வகைகளும் உருவாகிவிட்டன என்பது தனிக்கதை.

எல்லா ஆர்கனோபாஸ்பேட்டும் மலாத்தியானைப் போல் சாதுவல்ல. தோட்டப்புறத்தில் மருந்தடித்த தாத்தா பாட்டி உங்களில் பலருக்கு இருப்பார்கள். காய்கறித் தோட்டங்களில் இன்றும் அந்த வேலை நடக்கிறது. கையுறை இல்லாமல், மருந்து தெறித்த சட்டையை மாற்றாமல் வேலை செய்தால் சில வகை மருந்துகள் தோல் வழியாகவே உள்ளே போகும். வாயில் எச்சில் ஊறுவது, வியர்வை கொட்டுவது, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குவது, வயிற்றைப் பிசைவது, தசை தானாகத் துடிப்பது எல்லாம் அழிக்கப்படாத அசிட்டைல்கோலினின் அடையாளங்கள். அப்போது சட்டையைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருந்துப் புட்டியின் பெயர்ச் சீட்டையும் காட்டினால் மருத்துவருக்கு நேரம் மிச்சமாகும். அடிக்கடி மருந்தடிப்பவர்களின் இரத்தத்தில் இந்த நொதி எவ்வளவு வேலை செய்கிறது என்று சோதித்துப் பார்க்கவும் முடியும்.

1950களில் இங்கிலாந்தில் பூச்சிக்கொல்லி தேடிய ஆய்வில் இந்த இனத்தைச் சேர்ந்த ஒரு பொருள் கிடைத்தது. வயலில் பயன்படுத்த முடியாத அளவுக்கு நஞ்சு என்று தெரிந்தது. அந்த வழியில் உருவானதுதான் விஎக்ஸ் என்ற போர் நஞ்சு. நம் நாட்டில் அதன் பெயர் எல்லாருக்கும் தெரிய வந்தது 2017 பிப்ரவரியில். அந்த மாதம் 13ஆம் தேதி காலை, கேஎல்ஐஏ 2 விமான நிலையத்தில், வட கொரியத் தலைவருக்குத் தந்தை வழிச் சகோதரரான கிம் ஜோங் நாமின் முகத்தில் அது பூசப்பட்டது. மருத்துவமனை போய்ச் சேருமுன் அவர் இறந்தார். முகத்தில் பூசப்பட்டது விஎக்ஸ் என்று கண்டறிந்தது நம் நாட்டு இரசாயனத் துறை. கொசு மருந்தும் அந்த நஞ்சும் நம் உடலில் பிடிப்பது அதே நொதியைத்தான். ஆனால் விஎக்ஸை நம் உடலால் மலாத்தியானைப் போல உடைத்துப் போட முடியாது. அது பிடிக்கும் பிடியும் மிக உறுதி.

செய்தி அழியாமல் இருந்தால் தசை சுருங்கிக்கொண்டே இருக்க வேண்டுமே, ஏன் செயலிழக்கிறது என்று நீங்கள் கேட்டால், அது நல்ல கேள்வி. ஏற்பிகள் ஓயாமல் திறந்திருப்பதால் தசை மீண்டும் அமைதி நிலைக்குத் திரும்ப முடிவதில்லை. அமைதிக்குத் திரும்பாத தசைக்குப் புதிய துடிப்பு பிறக்காது. மூச்சுத் தசைகள் அப்படி நிற்கும்போது, நுரையீரல் பாதையும் சுரந்த நீரால் நிறைந்துவிடுகிறது.

மருத்துவர்கள் இதற்கு அட்ரோபின் கொடுப்பார்கள். அது சுரப்பிகளிலும் இதயத்திலும் உள்ள ஏற்பிகளை மூடிவிடும். கத்தும் பிள்ளையை அடக்க முடியாவிட்டால் காதைப் பொத்திக்கொள்வது போல! கூடவே பிராலிடாக்ஸைம் என்ற மருந்து, நஞ்சை நொதியிலிருந்து பிய்த்தெடுக்கும். தாமதமானால் பிடி இறுகிவிடும் என்பதால் அது சீக்கிரம் கிடைத்தாக வேண்டும். அட்ரோபின் நம் ஊமத்தைச் செடியிலும் உண்டு. அதற்காக ஊமத்தையைத் தொட்டுப் பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள், அதன் ஒவ்வொரு பாகமும் நஞ்சு.

கிரீன்விச்சில் ஓர் உதவி மருத்துவர்

இனி பைசோஸ்டிக்மின். மேற்கு ஆப்பிரிக்காவின் கலபார் பகுதியில் விளையும் ஓர் அவரையிலிருந்து எடுப்பது. ஒரு காலத்தில் அங்கே குற்றம் சாட்டப்பட்டவருக்கு அந்த அவரையைக் கொடுப்பார்களாம். வாந்தியெடுத்துப் பிழைத்தால் நிரபராதி. இதுவும் அழிப்பு நொதியைத்தான் பிடிக்கிறது, ஆனால் சில மணி நேரத்தில் விட்டுவிடும்.

1934இல் லண்டனின் கிரீன்விச் பகுதியில் செயின்ட் ஆல்ஃபெஜ் மருத்துவமனையில் மேரி வாக்கர் என்ற உதவி மருத்துவர் வேலை செய்தார். வயது 46. பெரிய பதவி, ஆய்வுக்கூடம் எதுவும் அவருக்கு இல்லை. அவர் கவனித்த நோயாளிகளில் மயஸ்தீனியா கிராவிஸ் நோய் கண்ட ஒரு பெண் இருந்தார். இந்த நோயில் காலையில் ஓரளவு நன்றாக இருப்பவருக்கு மாலையில் இமை தூக்க முடியாது. உணவை மெல்லத் தொடங்கினால் பாதியில் தாடை ஓய்ந்துவிடும். ஓய்வெடுத்தால் கொஞ்சம் தேறும். மூச்சுத் தசை ஓய்ந்தால் மரணம். அப்போது அதற்குச் சரியான மருந்தே இல்லை.

தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பில் தடவும் கியூராரே என்ற நஞ்சு, தசையின் ஏற்பிகளை அடைத்துச் செயலிழக்கச் செய்யும். இந்த நோய் கியூராரே நஞ்சு ஏறியது போலவே இருக்கிறது என்று அங்கு வருகை தரும் நரம்பியல் மருத்துவர் ஒருவர் சொன்னார். மேரி வாக்கர் அடுத்த அடியை எடுத்துவைத்தார். கியூராரேவுக்கு மாற்று மருந்து பைசோஸ்டிக்மின். அப்படியானால் இந்த நோய்க்கும் அதைக் கொடுத்துப் பார்த்தால் என்ன?

ஊசி போட்ட சிறிது நேரத்தில் அந்தப் பெண்ணின் இமைகள் உயர்ந்தன, கைகளுக்கு வலு வந்தது, விழுங்க முடிந்தது. சில மணி நேரத்தில் மருந்தின் வேகம் இறங்கியதும் பழைய நிலை. மீண்டும் ஊசி, மீண்டும் வலு. அவ்வாண்டு ஜூன் மாதம் ‘லான்செட்’ மருத்துவ இதழுக்கு ஒரு கடிதமாக அதை எழுதினார். நம்பாதவர்களும் இருந்தார்கள், ஒரே ஒரு நோயாளிதானே என்று. ஆனால் மருந்து வேலை செய்தது. இன்றும் அதே வழியில் வந்த பைரிடோஸ்டிக்மின் மாத்திரைதான் இந்த நோய்க்கு முதலில் கொடுக்கப்படுகிறது.

நோயின் காரணம் தெரிய இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின. அதற்கு உதவியது ஒரு பாம்பு. தைவானின் கட்டுவிரியன் வகை ஒன்றின் நஞ்சில் தசையின் அசிட்டைல்கோலின் ஏற்பியை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு புரதம் இருப்பதை, 1963இல் அந்நாட்டு ஆய்வாளர்கள் சாங், லீ இருவரும் அறிவித்தார்கள். நம் நாட்டுக் காடுகளிலும் தோட்டங்களிலும் திரியும் கட்டுவிரியன்கள் அதன் உறவினர்கள்தாம். ஒட்டினால் விடாது என்பதால், அந்தப் புரதத்தில் கதிரியக்க அடையாளம் வைத்துவிட்டால் எத்தனை ஏற்பிகள் இருக்கின்றன என்று எண்ணிவிடலாம். 1973இல் அமெரிக்காவின் பால்டிமோரில் எண்ணினார்கள். மயஸ்தீனியா நோயாளிகளின் தசையில் ஏற்பிகள், இயல்பாக இருக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நரம்பு சுரப்பதில் குறை இல்லை. நோயாளியின் சொந்த எதிர்ப்புச் சக்தியே தவறாக ஏற்பிகளைத் தாக்கி அழித்திருந்தது.

மாலையில் நோய் முற்றுவது ஏன் என்பதும் இப்போது விளங்கும். நரம்பு அடுத்தடுத்துக் கட்டளையிட்டால், ஒரு கட்டளைக்குக் கொட்டும் பைகளின் எண்ணிக்கை யாருக்குமே கொஞ்சம் குறையும். நமக்குத் தேவைக்கு மேல் ஏற்பிகள் இருப்பதால் அது தெரிவதில்லை. இவர்களுக்கு அந்த உபரி இல்லை. அழிப்பு நொதியைச் சற்றே அடக்கினால் அசிட்டைல்கோலின் கொஞ்சம் அதிக நேரம் தங்கும். மிஞ்சியிருக்கும் ஏற்பிகளில் மீண்டும் மீண்டும் அமர வாய்ப்புக் கிடைக்கும். அளவு கூடினால் மருந்தடிப்பவருக்கு வரும் அதே அறிகுறிகள் வரும் என்பதால் மருத்துவர் அளந்துதான் கொடுப்பார். மெல்லுவதற்குச் சிரமப்படும் நோயாளி பசியாறுவதற்கு அரை மணி நேரம் முன்பாக மாத்திரையை விழுங்குகிறார். தோசையை நிம்மதியாக மென்று முடிக்கலாம். மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது அழிப்பு நொதி விடுபட்டு வேலைக்குத் திரும்பியிருக்கும். அப்போது அடுத்த மாத்திரை.